பூலோகம் நினைவுக் கோப்பை

செத்துப்போன தம்பி பூலோகத்தைக் குளிப்பாட்டும்போதுதான் சீனியம்மாள் அந்தத் தடங்களைப் பார்த்தாள். வலது தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாக நாலு தடங்கள். இரண்டு விரல் அகலம், ஓரமெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவள் செம்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற கபடிக் கழகச் செயலாளர் நம்பிராஜன், விழுந்த இடத்தில் சரளைக்கல் கிடந்தது, அது குத்தியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். அவள் மறுபடியும் தண்ணீரை ஊற்றினாள். அதற்கு மேல் கேட்க அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

அறுபத்தாறாம் வருஷம் மே மாதம் அது. தாராவியில் தகரக்கூரைகள் காலை எட்டு மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். தோல் ஷாப்புகளின் நாற்றம் வெயிலில் இன்னும் கனத்துத் தெருவை விட்டு நகராது. நாங்குனேரிப் பக்கத்தில் தாய் தகப்பன் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போனபின் பன்னிரண்டு வயதுத் தம்பியை இங்கே கூட்டிவந்தவள் சீனியம்மாள். பத்து வருஷம் அந்த ஒற்றை அறைக் கோலி வீட்டில் அவளோடும் அவள் புருஷன் பெரியநாயகத்தோடும் இருந்து வளர்ந்தான். பகலில் குர்லாவில் லேத்துப் பட்டறை, சாயங்காலம் நெல்லை வாலிபர் கபடிக் கழகத்தின் மைதானம். கழகத்தில் எதிர்க் கட்டத்துக்குள் பாடிப் போகிறவர்களில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வார்கள். அவள் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. முறுக்குக் கொட்டகையில் மாவு பிசைந்துவிட்டு வருகிறவளுக்கு ஆட்டம் பார்க்கப் பொழுது ஏது.

மறுநாள் காலை தெரு முனையில் கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சீனியம்மாள் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

'களம் கண்ட காளையே, கண் மூடிச் சென்றாயோ. பயிற்சியின்போது ஏற்பட்ட திடீர் மாரடைப்பால் எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திச் சென்ற எங்கள் ஆட்டக்காரர் பூலோகத்துக்கு நெல்லை வாலிபர் கபடிக் கழகத்தின் கண்ணீர் அஞ்சலி.'

எழுதியது நம்பிராஜன். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கூட்டம் போட்டால் அவர் தமிழைக் கேட்கவே ஆட்கள் வருவார்கள். நோட்டீஸை வாசித்தவர்கள் இரண்டாவது தடவையும் வாசித்தார்கள். சீனியம்மாள் மாரடைப்பு என்ற ஒரு வார்த்தையிலேயே நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதில் வருமா என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டாள். வந்திருக்கே என்றாள் அவள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பூலோகத்தோடு ஆடுகிற முகம்மது ஹனீப் வந்தான். அவன் அம்மா சைனப் சீனியம்மாளோடு முறுக்குக் கொட்டகையில் வேலை செய்கிறவள். வாசலில் நின்றவனை உள்ளே வரச்சொன்னாள். உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"அந்தச் சனிக்கெழம பரேல்காரங்ககிட்ட தோத்தோம்லா அக்கா. கடேசிப் பாட்டுல பூலோகம் பிடிபட்டான். அதுக்குத்தான் எல்லாம். ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு எல்லாரையும் மைதானத்துக்கு வரச்சொன்னாரு மாஸ்டரு. எங்களுக்குப் பத்துச் சுத்து. அவனுக்கு மட்டும் முதுகுல மண் மூட்ட. எத்தன சுத்துன்னு சொல்லல. நின்னா பெல்ட்டு."

"தண்ணி?"

"ரெண்டு தடவ கேட்டான். செயிச்சவனுக்குத்தான் தண்ணின்னு சொல்லிட்டாரு. கீழ விழுந்த பெறவும், நடிக்கான், யாரும் கிட்டப் போவாதீங்கன்னாரு. அரமணி நேரம் அந்த வெயில்ல கெடந்தான் அக்கா. பெறவுதான் கைவண்டியில வச்சு டாக்டர்ட்ட தள்ளிட்டுப் போனோம்."

"நீ எங்கல நின்ன?"

"அங்கனதான். எட்டுப் பேரும் நின்னோம்."

அவன் கண்ணைத் துடைக்கவில்லை. முந்தின நாளே பூலோகத்துக்குக் காய்ச்சல் இருந்தது என்று யார் கேட்டாலும் சொல்லும்படி நம்பிராஜன் எட்டுப் பேருக்கும் சொல்லிக் கொடுத்திருந்ததையும் சொன்னான். கைவண்டி போன டிஸ்பென்சரி டாக்டர் கழகத்துக்கு வேண்டியவர். மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தது அவர்தான்.

வெயிலுமுத்து மாஸ்டரை அந்தத் தெருக்களில் தெரியாதவர் கிடையாது. பட்டாளத்திலிருந்து வந்தவர். முறுக்கிய மீசையும் இடுப்பில் அகலப் பெல்ட்டுமாக அவர் நடந்து வந்தால் பீடி பிடிக்கிற பயல்கள் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். அடித்தால்தான் ஆட்டம் வரும் என்று பிள்ளைகளைப் பெற்றவர்களே அவரிடம் கொண்டுவந்து விட்டார்கள். ஒருகாலத்தில் சீனியம்மாளும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அந்த நினைப்பு அவளைப் பல நாள் தூங்கவிடவில்லை.

பெரியநாயகம் வேலையிலிருந்து வந்ததும் சொன்னாள். கிங்ஸ் சர்க்கிளில் பிரம்மநாயகம் முதலாளியின் அரிசி, மளிகைக் கடையில் மூட்டை இறக்குவதும் மாதுங்கா வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன் வேலை. முதலாளிதான் கழகத்துக்குத் தலைவர். கோலியும் அவர் சொல்லி வாங்கிக் கொடுத்தது. ரேஷனில் வந்த கோதுமையை உடைத்துக் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தவன் கடைசிவரை கேட்டான். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, இதை வெளியில் யாரிடமும் சொல்லவேண்டாம் என்றான்.

அடுத்த ஞாயிறு அவள் தனியாக நம்பிராஜன் வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலி போட்டு உட்காரச்சொன்னார், டீ போடச்சொன்னார். கெட்ட மனிதரில்லை. எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர், பூலோகத்துக்குக் குர்லாவில் வேலைக்குச் சொல்லிவிட்டவரும் அவர்தான்.

"மாரடைப்புன்னு எழுதியிருக்கீய அண்ணாச்சி. அத மாத்தி எழுதணும். அடிச்சுக் கொன்னாகன்னு எழுதச் சொல்லல. வெயில்ல ஓடவிட்டதுல செத்தான்னு எழுதுங்க. எனக்கு அது போதும்."

நம்பிராஜன் ரொம்ப நேரம் பேசினார். மதராஸிகளை விரட்டவேண்டும் என்று சுவர் சுவராக எழுதுகிற காலம் இது. நம் ஆட்களே நம் பையனைக் கொன்றார்கள் என்று ஒரு மராத்திப் பேப்பரில் வந்துவிட்டால் என்ன ஆகும். கழகத்தை மூடிவிடுவார்கள், மைதானத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், நாளைக்கு நம் பிள்ளைகள் எங்கே போய் ஆடும். ஒரு நிருபர் ஏற்கெனவே வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறான், பேசி அனுப்பியிருக்கிறோம். அவர் சொன்னதில் பாதி நிஜம்தான். அந்த மாதங்களில் பஸ்ஸில் தமிழ் பேசவே யோசித்தார்கள்.

"மாஸ்டர் வேணும்னு செய்யல தங்கச்சி. பட்டாளத்துப் பழக்கம். அவரும் மனசொடிஞ்சு போயிருக்காரு."

"அப்பம் அதையே எழுதுங்க அண்ணாச்சி. வேணும்னு செய்யல, ஆனா செஞ்சாருன்னு எழுதுங்க."

நம்பிராஜன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டியில் வைக்கிறேன் என்றார்.

கமிட்டியில் வைத்தார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள். ஒரே சாயங்காலத்தில் விசாரணை முடிந்தது. சீனியம்மாளை யாரும் கூப்பிடவில்லை. ஏழு ஆட்டக்காரர்கள் போய்க் காய்ச்சல் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஹனீப் மட்டும் போகவில்லை. அந்த வாரம் இரண்டாவது நோட்டீஸ் ஒட்டினார்கள். கழகத்தின் வளர்ச்சி பொறுக்காத சிலர் வதந்தி பரப்புவதாகவும், கழகம் முழுமையாக விசாரித்து மறைந்த வீரரின் உடல்நலக்குறைவே காரணம் எனக் கண்டறிந்துள்ளதாகவும், ஆட்டக்காரர்களின் நலனே கழகத்தின் உயிர்மூச்சு எனவும் அதில் இருந்தது. ஒட்டிய அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளில் நோட்டீஸ் சுவரிலிருந்து வழிந்துவிட்டது.

மழைக்காலம் முழுக்க சீனியம்மாள் அதைப்பற்றிப் பேசவில்லை. சாக்கடை பொங்கிக் கோலிக்குள் வரும். பாத்திரம் பாத்திரமாக வெளியே கோரி ஊற்றுவாள். விறகு நனைந்து முறுக்குக் கொட்டகையில் புகை கண்ணை அவிக்கும். அரிசி கிடைக்காத நாளில் வேலை இருக்காது. அந்த நாள்களில் பூலோகத்தின் இரண்டு பனியனையும் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைப்பாள். மறுபடியும் எடுத்துத் துவைப்பாள். பெரியநாயகம் பார்த்துக்கொண்டு இருப்பான்.

ஐப்பசி பிறந்து வெயில் திரும்ப ஏறியபோது, பிரம்மநாயகம் முதலாளி பெரியநாயகத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். மேஜையில் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. அடிக்கட்டையில் பூலோகத்தின் பெயர் வெட்டியிருந்தது. பூலோகம் நினைவுச் சுழற்கோப்பை, வருஷாவருஷம் நடக்கும். பரேல், குர்லா, செம்பூர் டீம்கள் வருகின்றன. உன் பெண்டாட்டி மேடையில் வந்து கோப்பையைக் கொடுக்கவேண்டும், நாலு வரி பேசவேண்டும் என்றார். அந்த நாலு வரியை நம்பிராஜன் எழுதி ஒரு தாளில் கொடுத்துவிட்டிருந்தார்.

பெரியநாயகம் தாளை அவள் முன் வைத்தான். அவள் எழுத்துக் கூட்டினாள். 'என் தம்பி விளையாட்டையே மூச்சாகக் கொண்டு வாழ்ந்தான். மாரடைப்பு அவனை எங்களிடமிருந்து பறித்தது. அவனை மகனாக எண்ணி வளர்த்த மாஸ்டர் அவர்களுக்கும் கழகத்துக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.'

போகமாட்டேன் என்றாள். பெரியநாயகம் கெஞ்சினான். வேலை போனால் கோலியும் போகும், ஊரில் திரும்பிப் போக என்ன இருக்கிறது என்று கேட்டான். தம்பி பெயர் ஒரு கோப்பையிலாவது இருக்கட்டும் என்றான். கடைசியில் சொன்னதுதான் அவளை அசைத்ததோ என்னவோ, சரி என்றாள். ஒரு வாரம் முறுக்குப் பிழியும்போதெல்லாம் அந்த நாலு வரியை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மைதானத்தில் மேடை போட்டு ட்யூப் லைட் கட்டியிருந்தார்கள். பேண்டு வாத்தியம் வந்திருந்தது. ஆயிரம் பேருக்குக் குறையாது. மேடையில் முதல் நாற்காலியில் பிரம்மநாயகம் முதலாளி, அடுத்ததில் வெயிலுமுத்து மாஸ்டர், கழுத்தில் ரோஜா மாலை. நம்பிராஜன் மைக்கில் பேசப் பேச ஜனங்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு மறைந்த வீரரின் அருமைத் தமக்கை என்று சொல்லி அவளை அழைத்தார்.

சீனியம்மாள் தாளைப் பிரித்தாள். முதல் வரியை வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். இரண்டாவது வரியில் மாரடைப்பு வந்தது. அவள் நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நம்பிராஜன் பக்கத்தில் வந்து எடுத்துக் கொடுத்தார். அவள் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இது அண்ணாச்சி எழுதிக் குடுத்தது. நல்லாத்தான் எழுதியிருக்காக. எந்தம்பி மாரடைப்புல சாவல. முதுகுல மண்மூட்டையக் கட்டி வெயில்ல ஓடவிட்டாக. தண்ணி கேட்டான், குடுக்கல. விழுந்தவன அரமணி நேரம் யாரும் தொடல. பெல்ட்டால அடிச்ச தடத்தக் குளிப்பாட்டும்போது நா பாத்தேன். அடிச்சவரு இந்தா இருக்காரு, ரெண்டாவது நாக்காலில."

மைக் நின்றது. பேண்டுக்காரர்களுக்கு யாரோ கையைக் காட்ட, வாத்தியம் தொடங்கியது. முன்னால் இருந்த நூறு இருநூறு பேருக்குக் கேட்டிருக்கும். பின்னால் நின்றவர்களுக்கு ஒரு பெண் மேடையில் அழுதாள் என்றுதான் தெரியும். கோப்பையை முதலாளியே எடுத்துக் கொடுத்தார். ஜெயித்தது பரேல் டீம்.

மறுநாள் கடையில் பெரியநாயகத்தை மூட்டை தூக்கவிடவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். முதலாளி திட்டவில்லை, உட்காரச்சொன்னார். நம்பிராஜன் எழுதிய தாள் தயாராக இருந்தது. அதில் அவன் கையெழுத்துப் போட்டான். சாயங்காலம் தாராவி, மாதுங்கா முழுக்க அது அச்சாகி ஒட்டப்பட்டது.

'என் மனைவி சீனியம்மாள் தம்பியை இழந்த துயரத்தால் சில மாதங்களாகச் சித்தம் கலங்கிய நிலையில் இருக்கிறாள் என்பதை அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன். மேடையில் அவள் கூறியவை உண்மைக்குப் புறம்பானவை. கழகத்தாருக்கும் மாஸ்டர் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி உடையது. இப்படிக்கு, சு. பெரியநாயகம்.'

அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வரும் வழியில் அதைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள். பெரியநாயகம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"வாசிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டீயளா?"

"ஆமா."

"சித்தம் கலங்குனவ கையால சோறு திங்கப் பயமில்லையா?"

அவள் சோறு போட்டாள். அன்றிலிருந்து தேவைக்குமேல் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாமான் தீர்ந்தால் சொல்வாள், தண்ணீர் வந்தால் சொல்வாள். அவ்வளவுதான். எப்போதும் வீட்டில் எதையாவது சொல்லிச் சிரிக்கிற ஆள் பெரியநாயகம். அவனும் ஊமையாகிப் போனான்.

ஆனால் அந்த நோட்டீஸ் கழகத்தார் நினைத்த வேலையைச் செய்யவில்லை. மேடைக்கு வராதவர்களும் அதை வாசித்தார்கள். அப்படி என்னதான் சொன்னாள் அந்தப் பொம்பளை என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள். குழாயடியில் சொன்னார்கள், தோல் ஷாப்பில் சொன்னார்கள், ரேஷன் வரிசையில் சொன்னார்கள். மைக்கை நிறுத்தியபோது கேட்காமல் போனது ஒரு வாரத்தில் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது.

முறுக்குக் கொட்டகையில் தீபாவளி வேலை மும்முரமாக இருந்தது. ஒருநாள் சைனப் மாவுக் கையோடு நிமிர்ந்து, இனிமேல் தன் மகன் அந்த மைதானத்தில் கால் வைக்கமாட்டான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அடுப்புப் பக்கம் இருந்த இன்னொருத்தியும் அதையே சொன்னாள். தை மாதம் பார்த்தால் கழகத்துக்கு ஆட ஏழு பேரைச் சேர்க்க முடியவில்லை. யாரும் மாஸ்டரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, பிள்ளைகளை அனுப்பவில்லை, அவ்வளவே. போலீசும் வரவில்லை, பேப்பரிலும் வரவில்லை.

மாஸ்டருக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். கழகத்தின் பொற்காலத்தை உருவாக்கியவர் என்று நம்பிராஜன் பேசினார். செம்பூரில் ஒரு புதுக் கழகம் அவரைக் கூப்பிட்டிருந்தது. நம்பிராஜன் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தை அவர்கள் அப்படியே நோட்டீஸில் போட்டிருந்தார்கள். ஹனீப் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து காட்டினான். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆள் சேர்க்கிறார்கள்.

சனிக்கிழமை சீனியம்மாள் ஒரு சேலையைத் துவைத்துப் போட்டாள். எங்கே போகிறாள் என்று பெரியநாயகம் கேட்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் அவள் கதவைத் திறந்தபோது அவன் சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

"செம்பூருக்கு எந்த பஸ்ஸுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"கேட்டுக்கிடுவேன்."

"நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் வேலை அதிகம். அவன் லீவு சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த வேலை போனது, மாசக் கடைசியில் கோலியும் போனது. குர்லாவில் ஒரு இரும்புக் கடையில் பாரம் தூக்கப் போனான். அதெல்லாம் நடக்கும் என்று அன்று காலை பஸ் ஏறும்போதே அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

செம்பூர் மைதானத்தில் எண்ணெய்க் கம்பெனிப் பக்கத்திலிருந்து ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. பனி இன்னும் விலகவில்லை. வாலிபர்கள் பதினெட்டுப் பேர், தகப்பனோ அண்ணனோ கூட வர, வரிசையாக நின்றார்கள். தூரத்தில் மாஸ்டர் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லிக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெரியவரிடம் சீனியம்மாள் போனாள். நான் தாராவியிலிருந்து வருகிறேன் என்று ஆரம்பித்தாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானம்மா அந்த மேடையில ஏறுன பொண்ணு? புத்தி சரியில்லன்னு நோட்டீஸ் போட்டிருந்தானே ஒம் புருஷன்."

முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவன் சிரித்தான். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியநாயகம் அவளைத் தாண்டி முன்னால் வந்தான். மூட்டை தூக்கித் தூக்கிச் சாய்ந்துபோன தோள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன்.

"நாந்தான் அந்தப் புருஷன். அந்த நோட்டீஸ்ல உள்ளது எங்கையெழுத்து. நா எழுதல, எழுதி வச்சிருந்ததுல போட்டேன். அதுல உள்ளது பூராம் பொய். இவளுக்குப் புத்தி தெளிவாத்தான் இருக்கு. செத்தது எம் மச்சினன். இவ சொல்லுதத ஒரு அஞ்சு நிமிசம் நின்னு கேட்டுட்டு, பெறவு பேரக் குடுங்க."

சுண்ணாம்புக் கோட்டுப் பக்கம் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். விசில் அவர் கையில் இருந்தது. ஊதவில்லை.

சீனியம்மாள் முதலிலிருந்து சொன்னாள். மைக் இல்லை, கத்தவும் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றது, மண்மூட்டை, வெயில், அவன் தண்ணீர் கேட்டது, கைவண்டி. இடையில் இரண்டு தடவை நின்றுவிட்டாள். அப்போதெல்லாம் பெரியநாயகம் பக்கத்தில் நின்று காத்திருந்தான்.

அவள் முடித்தாள். வரிசை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தப் பெரியவர் தன் மகன் தோளில் கை வைத்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு நடந்தார். பின்னால் இன்னும் நாலு பையன்கள் போனார்கள். மற்ற பதின்மூன்று பேரும் மேஜைக்குப் போய்ப் பெயர் கொடுத்தார்கள். பெரியநாயகம் மேஜைப் பக்கம் பார்க்கவில்லை. திரும்பிப் போகிற அந்த ஐந்து பையன்களும் பாதை வளைந்து மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றான்.